தலையோடு ஒரு சுறா

"…வாசலால வந்தா சனம் பாக்கும், பின்னால வந்தா சாமி பாக்கும். நீங்க யாருக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தீங்க, கொண்டக்டர் தம்பி?"

வேலாயுதம் முதலாளி இப்படிக் கேட்டு முடித்தபோது என் தோளிலிருந்த சாக்கு சொட்டுச் சொட்டாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மாத்தளை டவுனில் அவருடைய சைவ ஹோட்டலின் பின்முற்றம் அது. பகல் சாப்பாடு முடிகிற வேளை. அடுப்படியில் ரசம் கொதிக்கிற வாசம். கோவில் பக்கமிருந்து நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிற கீச்சுச் சத்தம். மறுநாள் அம்மனுக்குத் தேர். முதலாளியின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

சாக்குக்குள் ஒரு சுறா இருந்தது.

போன கிழமை ரிவர்ஸ்டன் மலைப் பாதையில் மிதிபலகையில் தொங்கிப்போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "நீர் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டீரா?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் இறங்குகிறேன் ஐயா. ஆனால் இறங்கவேண்டிய இடம் வரும்வரை கொஞ்சம் ஓடித்தானே ஆகவேண்டும்?

முதலாம் பிள்ளைக்குக் கேசரி

அப்போது நான் மாத்தளை – திருகோணமலை பஸ்ஸில் கொண்டக்டர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் வகுப்பு வாத்தியார் புள்ளி வரிசைப்படி முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவார். என்னிடம் வந்து சேருவதற்குள் மணி அடித்துவிடும். எத்தனையாம் பிள்ளை என்று தெரியாமலே வளர்ந்துவிட்டேன். பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் பஸ்தான். ஏறுகிறவன் ஒன்று சொல்வான், இறங்குகிறவன் இன்னொன்று சொல்வான். இரண்டையும் வைத்துக்கொள்வேன்.

வேலை இல்லாத பகல்களில் எனக்குச் சாப்பாடு வேலாயுதம் முதலாளி கடையில். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டக் கடையில் தோசை வார்க்கப் பழகி, டவுனுக்கு வந்து சொந்தக் கடை போட்ட மனிதர். கடையில் வெங்காயம் உண்டு, பூண்டு உண்டு, முட்டையின் பேச்சுக்கூடக் கிடையாது. கடைக்குப் பின்னாலேயே வீடு.

வருஷத்தில் மூன்று நாள் அந்தக் கடையில் கேட்காமலே இலையில் கேசரி விழும். தவணை முடிந்து பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற நாள்கள் அவை. யாராவது தெரியாமல் கேட்டுவிடுவார்கள்.

"என்ன முதலாளி, இன்னைக்கு விசேஷம்?"

"மக முதலாம் பிள்ளை."

அவ்வளவுதான் சொல்வார். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது முதுகு நிமிரும். ஒரு தடவை மிளகு வியாபாரி ஒருவர் வேண்டுமென்றே சீண்டினார்.

"ஒவ்வொரு தவணையும் கேசரிதானா? புள்ள ரெண்டாம் பிள்ளையா வந்தா என்ன போடுவீங்க?"

"வேப்பம்பூ ரசம். உங்க இலைக்கு மட்டும்" என்றார் முதலாளி.

அந்த மகள்தான் கமலா. பின்னேரங்களில் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு படிக்கும். உதடு மட்டும் அசையும். கடை முழுக்க இரைச்சல். அந்தப் பிள்ளையைச் சுற்றி மட்டும் யாரோ திரை கட்டிவிட்டது போலிருக்கும்.

"என்னம்மா மந்திரம் சொல்ற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மீனோட தலையில உள்ள நரம்புங்க அண்ணே. வரிசையாச் சொல்லணும். உங்க பஸ் ஹோல்ட் மாதிரித்தான்."

"நாலந்தா, நாவுல, தம்புள்ளை மாதிரியா?"

"ஆமா. ஒண்ண விட்டா மத்ததெல்லாம் மாறிப்போகும்."

பஸ்ஸில் ஏறாமலே என் தொழிலைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

ஊருக்கு ஒரு முதலாம் பிள்ளை

கமலாவுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் ஜுனைத் மாஸ்டர். மாத்தளையில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். வாப்பா கராம்பு, ஏலம், மிளகு என்று வியாபாரம் செய்ய, மகன் மட்டும் தவளைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டுல எல்லாரும் மிளகு காயவைக்க, நான் மட்டும் வெயில்ல காயுறன்" என்பார்.

கமலா எழுத்துப் பரீட்சையில் தேறிய செய்தி வந்த அன்று மாஸ்டர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கடையில் கேசரி நடக்கிறது. மாஸ்டர் முகத்தில் கேசரி இல்லை.

"என்ன சேர், புள்ள பாஸ்தானே?"

"பாதிதான் தம்பி. இனிப் பேராதனைக் கம்பஸுக்குக் கூப்பிடுவாங்க. கையால செஞ்சு காட்டணும். ரெண்டு புள்ளியையும் கூட்டித்தான் டொக்டருக்கு எடுக்கிறது."

"அதுக்கென்ன, நம்ம புள்ள முதலாம் பிள்ளை இல்லையா?"

மாஸ்டர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"அது நம்ம ஸ்கூல்ல. விஞ்ஞான வகுப்புல இடம் குடுக்கிறதுக்கு ரேங்கைப் பாத்தோம், சரி. முதலாம் பிள்ளைங்கிறது வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளுக்குப் போக வேற வேணும். ஊருக்கு ஒரு முதலாம் பிள்ளை இருக்குத் தம்பி. அத்தனை பேரும் அன்னைக்கு ஒரே வராந்தாவுல வந்து நிப்பாங்க."

கையில் எடுத்த கேசரி கையிலேயே நின்றுவிட்டது.

நான் எத்தனையோ ஊரைப் பஸ்ஸில் கடந்திருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை உதடசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நாவுலையில் வயல்காரர் வீட்டில் ஒன்று. தம்புள்ளையில் ஒன்று. கண்டியில் தெருவுக்கு ஒன்று. அத்தனை முதலாம் பிள்ளைகளும் ஒரே வராந்தாவில்! எத்தனை கேசரி, எத்தனை நிமிர்ந்த முதுகு, எத்தனை அப்பாமார்! கடலை முதன்முதல் பார்த்த அன்று வந்த அதே திகைப்பு வந்தது எனக்கு.

"அப்ப அதுல யாராவது கடைசியா நிக்கத்தானே வேணும், சேர்?"

"அதுக்குத்தான் பயப்படுறன். பெரிய ஸ்கூல் புள்ளைகள் சுறா அறுத்து அறுத்துக் கை பழகியிருக்கும். எங்கட கமலா தவளை அறுத்திருக்கு, கரப்பான் அறுத்திருக்கு. சுறாவைப் படத்துலதான் பாத்திருக்கு."

"சந்தையில சுறா இருக்கே சேர்?"

"துண்டு இருக்கு. மாத்தளைக்கு வாற சுறாவுக்கு ஏது தம்பி தலை?"

உண்மைதான். யோசித்துப் பார்த்தேன், எங்கள் ஊரில் யாருமே சுறாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அடுத்த ஓட்டத்தில் திருகோணமலையிலிருந்து தலையோடு ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன்.

பேராதனைக்குப் போகவேண்டிய நாள் தேர் முடிந்த மறு செவ்வாய். பள்ளிக்கூடம் திருவிழா விடுமுறையில். ஆய்வுகூடத்துச் சாவி பெரிய மாஸ்டரோடு அவருடைய ஊருக்குப் போய்விட்டது. "கமலாட வீட்டு முற்றம் போதும். மகளிட்டச் சொல்லிட்டன், சரின்னு சொன்னா" என்றார் ஜுனைத் மாஸ்டர். மகள் அப்பாவிடம் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கும் செய்தி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படிக்கிற மீன்

திருகோணமலைக் கரையில் முழங்கை நீளத்தில் ஒரு குட்டிச் சுறா கிடைத்தது. "தலைய வெட்டிப்போடாதீங்க, தலைதான் வேணும்" என்றேன். மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உடம்ப விட்டுப்போட்டுத் தலையக் கேக்கிற முதல் ஆள் நீதான் தம்பி. மலைநாட்டுல சாப்பாட்டுக்கு அவ்வளவு கஷ்டமோ?"

ஐஸும் மரத்தூளும் போட்டுச் சாக்கில் சுற்றி, என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். எங்கள் சாரதி குணபால ஐயா மூக்கைச் சுருக்கினார். "மல்லி, மே மொகத?" – தம்பி, இது என்ன என்று. விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். "ஆ, டொக்டர் நோனாவுக்கா?" – டொக்டர் அம்மாவுக்கா – என்றவர், அதன்பிறகு ஹபரணைக் காட்டில் யானை நின்றால்கூட ஹோர்ன் அடித்து விலக்கிக்கொண்டு ஓட்டினார். தம்புள்ளையில் ஒரு சோடாக் கடையில் மறுபடி ஐஸ் போட்டோம்.

நாவுல வந்தது. அங்கேதான் வினை ஏறியது.

மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக ஒரு கூட்டம். தேருக்குப் போகிறவர்கள். கையில் பாற்குடம், இடுப்பில் வேப்பிலை. பஸ்ஸுக்குள் அடியெடுத்து வைத்ததும் முன்னால் வந்த அம்மா நின்றுவிட்டார். நல்ல தாட்டியான ஆள், குரலும் அப்படித்தான்.

"எவன்டா இவன், அம்மனுக்குப் போற பஸ்ஸுல கவிச்சிய ஏத்துனவன்?"

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. பொய் சொல்லலாம் என்றால் சாக்கு ஒழுகுகிறது.

"அம்மா, கோபிக்காதீங்க. அது சாப்பிடுற மீன் இல்ல. படிக்கிற மீன்."

"படிக்கிற மீனா? எத்தனையாம் வகுப்பு?"

பஸ் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்தளையில் ஒரு பிள்ளை, டொக்டருக்குப் போகிற பிள்ளை, சுறாவின் தலையைப் பார்த்ததே இல்லை, வருகிற செவ்வாய் பரீட்சை என்று.

அந்த அம்மா சாக்கைப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமாம்மா."

"நம்ம ஆளுங்க புள்ளையா?"

"தோட்டத்துல இருந்து வந்த குடும்பம்மா. இப்ப டவுன்ல கடை."

அவர் இடுப்பிலிருந்த வேப்பிலைக் கொத்தை உருவினார். குனிந்து சாக்கின் மேல் வைத்தார். "வைங்கடி எல்லாரும். வாசம் தெரியக் கூடாது" என்றார். ஒவ்வொருத்தராக வந்து வைத்தார்கள். நாலந்தாவைத் தாண்டும்போது சாக்கே தெரியவில்லை. ஒரு பச்சைக் குவியல் மட்டும் என் சீட்டுக்கு அடியில் ஆடிக்கொண்டு வந்தது. ஒரு பெண் மெதுவாகக் கேட்டார், "அக்கா, காப்புக் கட்டுன கையால மீனுக்கு வேப்பிலை வைக்கலாமா?"

"மாரியாத்தா வைசூரிக்கே வேப்பிலை குடுத்தவ. பரீட்சைக்குக் குடுக்க மாட்டாளா? வாய மூடிக்கிட்டு வாடி."

எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை. முப்பது வருஷம் கொண்டக்டர் வேலை பார்த்தேன். மந்திரிமார் ஏறியிருக்கிறார்கள், கலியாண மாப்பிள்ளை ஏறியிருக்கிறார். அந்தச் சுறாவுக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் என் பஸ்ஸில் கிடைத்ததில்லை.

தவளை விஷயம்

இனி அந்தப் பின்முற்றம். யாருக்குப் பயந்து வந்தீங்க என்று கேட்டவருக்கு முன்னால் சாக்கை இறக்கி வைத்தேன். மாத்தளை ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்து கூடவே வந்த ஜுனைத் மாஸ்டர்தான் முன்னால் வந்தார்.

"முதலாளி, கோபிக்க வாணாம். வீட்டுல காப்புக் கட்டியிருக்கிறது எனக்குத் தெரியாது. மகளுக்குச் செய்முறைப் பரீட்சை…"

"யாருக்காகக் காப்புக் கட்டியிருக்கேன் சேர்? இவளுக்காகத்தான். இவ டொக்டருக்கு எடுபடணும்னு அம்மனுக்குக் காவடி நேந்திருக்கேன். இந்தக் காப்பு கழட்டுற வரைக்கும் வீட்டுல எவரும் கவிச்சியத் தொடக்கூடாது. நீங்க என்னடான்னா அம்மன் பாக்கப் பாக்க மீன அறுக்கச் சொல்றீங்க."

பிள்ளை எடுபட வேண்டும் என்றுதான் நேர்த்தி. பிள்ளை எடுபட வேண்டும் என்றுதான் சுறா. இரண்டும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டன.

"தேர் முடிஞ்சு வேற மீன் கொண்டாங்க" என்றார் முதலாளி என்னிடம்.

"திருகோணமலைக்கு என்னோட முறை இனி அடுத்த வெள்ளிதான் முதலாளி. பரீட்சை செவ்வாய்."

"அப்ப வேணாம். அவ முதலாம் பிள்ளை. அறுக்காமலே அறுப்பா."

அப்போதுதான் கமலா அடுப்படி வாசலில் வந்து நின்றது. தலை முழுகி ஈரம் காயாத கூந்தல். கண் சாக்கில் இருந்தது.

"அப்பா, நான் இங்கதான் முதலாம் பிள்ளை. அங்க வாறவங்க எல்லாருமே முதலாம் பிள்ளைங்க. கத்திய எங்க வைக்கணும்னு தெரியாம நான் மட்டும் முழிச்சிக்கிட்டு நிப்பேன்."

"புத்தகத்துல படிச்சிருக்கேல்ல?"

"நீங்க தோசையப் புத்தகத்துல படிச்சா வார்த்தீங்க?"

முதலாளி மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"மத்தப் புள்ளைங்க இதெல்லாம் அறுத்துப் பழகியிருக்குமா?"

"பழகியிருக்கும் முதலாளி."

"இவ?"

"தவளை வரைக்கும்" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"தவளையா?"

முதலாளி மகள் பக்கம் திரும்பினார்.

"எப்போடீ?"

"போன வருஷம் பூராவும் அப்பா."

"தவளை அறுத்த கையாலயா எனக்குச் சோறு போட்ட?"

"கழுவிட்டுத்தான்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். முதலாளி சிரிக்கவில்லை. மகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முதலாகப் பார்ப்பவர் போல் பார்த்தார். வருஷக்கணக்காக அந்தப் பிள்ளையின் ரிப்போர்ட்டைத்தானே பார்த்திருந்தார்.

"அந்த வராந்தாவுல இவளுக்கு முன்னால எத்தனை பேர் நிப்பாங்க சேர்?"

"அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம் முதலாளி."

அவர் கடைக்குள் போய்விட்டார்.

கடைசி ஹோல்ட்

அவர் உள்ளே போன அந்த இடைவெளியில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலும் அப்படித்தான், போய்ச் சேரும் ஊரைச் சொல்லித்தான் ஆள் ஏற்றுவோம்.

அன்று பின்னேரம் அந்த மீனின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தேன். தோல் மணற்கடதாசி மாதிரி சொரசொரப்பு. அதை உரித்து, உள்ளே இருந்த குருத்தெலும்பைப் பென்சில் சீவுவது போலத் துளித்துளியாகச் செதுக்கிக்கொண்டு போனாள் கமலா. செதுக்கச் செதுக்க வெள்ளை நூல்கள் வந்தன. ஒன்று கண்ணுக்கு. ஒன்று மூக்குக்கு. ஒன்று பிரிந்து பிரிந்து செவுளுக்கு. எந்தத் தையல்காரனிடமும் அவ்வளவு மெல்லிய நூல் கிடையாது. கடலுக்கடியில் கடித்துத் தின்று திரிந்த ஒரு முரட்டு மீனுக்குள், யாருமே எட்டிப் பார்க்காத இடத்தில், இத்தனை ஒழுங்கு. ஜுனைத் மாஸ்டர் "சுப்ஹானல்லாஹ்" என்றார். நான் "தாயே" என்றேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

கமலா பேராதனைக்குப் போனாள். எடுபட்டாள். பிறகொரு விடுமுறையில் கடைக்கு வந்தவளிடம், "அங்க நீ எத்தனையாம் பிள்ளைம்மா?" என்று கேட்டேன். "அங்க யாரும் அதக் கேக்கிறதில்ல அண்ணே. கேட்டா எல்லாருக்கும் அழுகை வரும்" என்றாள்.

முதலாளி மறுநாள் தேரில் காவடியும் எடுத்தார். முதல் நாள் நடந்ததைப் பற்றி அவரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அம்மனும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பகலில், முற்றத்தில் நின்ற எங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கமலா அடுப்படி வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போவோம் தம்பி. பெரிய மனுசன சங்கடப்படுத்தக் கூடாது" என்றார் மாஸ்டர். நான் குனிந்து சாக்கைத் தூக்கினேன்.

முதலாளி வெளியே வந்தார். கையில் ஒரு தலைவாழை இலை.

பாத்திரம் கழுவுகிற கல்மேடையில் அதை விரித்தார். நுனி இடது பக்கம் வர, விருந்தாளிக்குப் போடுவது போலவே போட்டார். செம்பிலிருந்து தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"சாக்க அவுருங்க தம்பி."

நான் அவிழ்த்தேன். வேப்பிலைக்குள்ளிருந்து சுறா இலைமேல் வழுக்கி விழுந்தது. கமலா வந்து கத்தியை வைத்தாள். மீன் நழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவியது. மாஸ்டர் பிடிக்கப் போனார்.

முதலாளி அவரைத் தள்ளிவிட்டுக் கல்மேடைக்கு முன்னால் குந்தினார். காப்புக் கட்டிய வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். முகத்தைக் கோவில் கோபுரத்துக்கு நேரே திருப்பினார். பிறகு இடது கையால் சுறாவின் வாலை இறுக்கிப் பிடித்தார்.